ஒரே கம்ப்யூட்டர், ஒரே மென்பொருள்: பலன் மட்டும் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது?

திறவுகோல் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் சந்தேகம் இது. சர்வர், மென்பொருள், நெட்வொர்க் எல்லாம் உலகச் சந்தையில் கிடைக்கிற சரக்கு. அமெரிக்கக் கம்பெனி வாங்குவதையே இத்தாலியக் கம்பெனியும் வாங்கலாம், விலையும் பெரிதாக மாறாது. ஆனால் பலன் அப்படி இல்லை.

1973 முதல் 1995 வரை, ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் உற்பத்தி (உற்பத்தித்திறன்) அமெரிக்காவில் ஆண்டுக்கு 1.2 சதவீதம் வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய 15 நாடுகளில் 2.4 சதவீதம். 1995-2006 காலத்தில் கதை தலைகீழ்: அமெரிக்கா 2.3, ஐரோப்பா 1.5. வான் ஆர்க், ஓமஹோனி, டிம்மர் என்கிற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து போட்ட கணக்கு. இணையம் வீடு வீடாக நுழைந்த அதே காலத்தில்தான் இப்படி ஆகியிருக்கிறது.

ஐரோப்பா கம்ப்யூட்டரே வாங்கவில்லையா, வாங்கியும் பலன் வரவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் கலாசாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம், ப்ளீஸ்.

---

கணக்கர்_67

எந்தத் துறையில் பின்தங்கினார்கள் என்று முதலில் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது.

சிப், கைபேசி, தொலைத்தொடர்புக் கருவிகள் தயாரிக்கும் துறைகளில் ஐரோப்பா ஒன்றும் சோடை போகவில்லை. பின்லாந்து அந்த ஆண்டுகளில் கொடிகட்டிப் பறந்தது. அடி விழுந்தது அவற்றை வாங்கிப் பயன்படுத்துகிற சேவைத் துறைகளில். அதிலும் சில்லறை, மொத்த வணிகத்தில்.

பார்கோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்கிற ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்தார்கள், அதுதான் தொடக்கம். அப்புறம் பல ஆண்டுகள் அதனால் கிடைத்தது என்ன? பில் கொஞ்சம் வேகமாகப் போட முடிந்தது, ஒவ்வொரு பொருளிலும் விலைச் சீட்டு ஒட்டுகிற வேலை குறைந்தது, அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் வால்மார்ட் தன் விற்பனைத் தகவலைச் சரக்கு கொடுப்பவர்களுக்கே திறந்துவிட்டது. எந்தக் கடையில் தன் சோப்பு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று சோப்புக் கம்பெனிக்காரரே பார்க்க முடிந்தது. கிடங்கில் மாதக்கணக்கில் சரக்கு தூங்க வேண்டிய அவசியம் போயிற்று. லாரி வருகிற நேரம், கிடங்கின் அமைப்பு, ஆர்டர் போடும் அதிகாரம் யாரிடம் என்பது வரை எல்லாம் மாறியது. கருவி என்னவோ இருபது வருஷம் பழசுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: ஃபாஸ்டர், ஹால்டிவாங்கர், கிரிஸான் ஆகியோர் அமெரிக்கச் சில்லறைக் கடைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1990களின் உற்பத்தித்திறன் வளர்ச்சி ஏறத்தாழ முழுவதும், திறன் கூடிய புதுக் கடைகள் வந்து திறன் குறைந்த பழைய கடைகள் மூடியதால் வந்தது. இருந்த கடைகள் தங்களைத் திருத்திக்கொண்டதால் வந்தது சொற்பம்.

இப்போது ஐரோப்பா பக்கம் வாருங்கள். பிரான்ஸில் 1973ஆம் ஆண்டின் ருவாயே சட்டப்படி பெரிய கடை திறக்க ஒரு குழுவின் அனுமதி வேண்டியிருந்தது. உள்ளூர் வணிகர்களுக்கும் அந்தக் குழுவில் இடம் இருந்தது! 1996இல் அதை இன்னும் இறுக்கி, 300 சதுர மீட்டருக்கு மேல் போனாலே அனுமதி என்றார்கள். ஜப்பானிலும் 1974 முதல் 2000 வரை பெரிய கடைகளுக்கு இப்படி ஒரு தடைச் சட்டம் இருந்தது. புதிய கடை நுழைவதற்கே வழி இல்லாத இடத்தில் ஸ்கேனர் மட்டும் நுழைந்து என்ன பயன்?

---

எதிர்க்கட்சி

அதாவது சின்னக் கடையை எல்லாம் மூடிவிட்டால் நாடு முன்னேறிவிடும் என்கிறீர்கள். மூடிய கடைக்காரர் எங்கே போனார் என்று எந்தக் கணக்கில் வருகிறது?

இரண்டாவது, இந்தப் புள்ளிவிவரங்களையே நான் முழுசாக நம்புவதில்லை. கம்ப்யூட்டர் வருஷா வருஷம் வேகம் கூடுகிறது. அதை "விலை குறைந்தது" என்று எவ்வளவு கழிப்பது? அமெரிக்கா 1980களின் நடுவிலேயே தரத்துக்கேற்ப விலையைத் திருத்தும் முறையைக் கொண்டுவந்துவிட்டது. ஜெர்மனி அந்தப் பக்கம் வந்தது 2000களில். ஒரே மெஷின் ஒரு நாட்டின் கணக்கில் பத்து மடங்கு முதலீடாகவும் இன்னொரு நாட்டின் கணக்கில் மூன்று மடங்காகவும் தெரிந்தால் ஒப்பீட்டுக்கு என்ன அர்த்தம்?

அயர்லாந்தைப் பாருங்கள். 2015இல் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவித்தார்கள். அங்கே என்ன, ஆளுக்கு நாலு கை முளைத்ததா? பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அந்த முகவரிக்கு மாற்றிக்கொண்டன. கடைசியில் அவர்களுடைய புள்ளியியல் துறையே வேறொரு அளவுகோலைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

---

சும்மா_படிப்பவன்

அயர்லாந்து 👏👏

---

வெண்ணிலா_ரா

@எதிர்க்கட்சி, அளவீட்டுச் சிக்கல் உண்மைதான். ஆனால் அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் விலைத் திருத்தம் பெரிதாகப் பாதிப்பது கம்ப்யூட்டர் *தயாரிக்கும்* துறையை. கணக்கர் சொன்ன இடைவெளி கடைகளிலும் மொத்த வணிகத்திலும் விழுந்தது. அங்கே அளப்பது, எத்தனை ஆள்மணி நேரத்தில் எவ்வளவு சரக்கு கைமாறியது என்பதை. அயர்லாந்து போன்ற சின்ன நாட்டைப் பன்னாட்டுக் கணக்கு புரட்டிப்போடும், நிஜம். இத்தாலியின் முப்பது வருஷத் தேக்கத்தை அப்படி விளக்க முடியாது.

நாட்டை நாட்டோடு ஒப்பிட்டால் சட்டம், வரி, மொழி, சந்தை அளவு எல்லாம் சேர்ந்து குழப்பும். அதனால் நிக்கோலஸ் புளூம், ரஃபேல்லா சாதுன், ஜான் வான் ரீனன் மூவரும் வேறு வழியில் போனார்கள். ஒரே நாட்டுக்குள், பிரிட்டனில் இருக்கிற ஆலைகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டார்கள். சட்டம் ஒன்று, தொழிலாளர் ஒன்று, வாடிக்கையாளர் ஒன்று, உரிமையாளர் மட்டும் வேறு வேறு நாட்டுக்காரர். அமெரிக்கர்களுக்குச் சொந்தமான இடங்களில் தகவல் தொழில்நுட்பத்துக்குச் செலவழித்த பணத்துக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. மற்ற நாட்டுப் பன்னாட்டு நிறுவனங்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததும் சில்லறை, மொத்த வணிகம் போன்ற துறைகளில்தான்.

"நல்ல நிறுவனங்களாகப் பார்த்து அமெரிக்கர்கள் வாங்கியிருப்பார்கள்" என்று கேட்கத் தோன்றும். அதையும் பார்த்திருக்கிறார்கள். கைமாறுவதற்கு முன் அந்த இடங்களில் விசேஷமாக ஒன்றும் இல்லை. வாங்கிய பிறகுதான் பலன் ஏறியது. என்ன மாற்றினார்கள்? பதவி உயர்வு, ஊக்கத்தொகை, ஆளை எடுப்பது, அனுப்புவது போன்ற ஆள் நிர்வாக முறைகளை. தாய் நாட்டில் பழகியதைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் முடிவு.

இத்தாலி விஷயத்தில் புருனோ பெல்லெக்ரினோவும் லூயிஜி சிங்காலெஸும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். திறமையைவிட விசுவாசத்துக்கு முன்னுரிமை தருகிற நிர்வாகம், 1990களில் வந்த கம்ப்யூட்டர் புரட்சியில் சேரவே முடியவில்லை என்கிறார்கள். யோசித்தால் புரிகிறது. யார் எவ்வளவு வேலை செய்தார் என்று கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும். அதை வைத்து யாருக்கும் எதுவும் செய்யப் போவதில்லை என்றால் அந்தத் தகவல் எதற்கு?

---

சர்வர்அறை

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. இஆர்பி (கம்பெனியின் ஆர்டர், கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிற மென்பொருள்) போடுகிற வேலை, பல நாடுகளில் செய்திருக்கிறேன். வெண்ணிலா சொன்னது என் கண் முன்னால் நடக்கிற கூத்து.

ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு, இரண்டு கம்பெனிகள். முதல் கம்பெனியில் தொடக்கக் கூட்டத்திலேயே கேட்டார்கள்: "கிடங்கு ஆளே நேரடியாக ஆர்டர் போட்டால் என்ன? நடுவில் இருக்கிற படிவம் எதற்கு?" ஒரு தொகை வரம்பு வைத்தோம். அதற்குள் இருந்தால் கிடங்கில் இருப்பவர் ஒரு பட்டன் தட்டினால் முடிந்தது. இரண்டாவது கம்பெனியில் எனக்குக் கிடைத்த உத்தரவு: "இப்போது இருக்கிற படிவம் அப்படியே திரையில் வர வேண்டும், கட்டங்கள்கூட மாறக்கூடாது." மூன்று பேர் கையெழுத்து போடுகிற படிவம் அது. மூன்று ஒப்புதல் திரை செய்து கொடுத்தோம். மேலதிகாரி திரையில் பார்க்க மாட்டார், அதனால் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி, அதை ஸ்கேன் செய்து மறுபடி உள்ளே ஏற்றுகிறார்கள். பக்கத்தில் பழைய பதிவேடும் நடக்கிறது, "எதற்கும் இருக்கட்டும்" என்று. வேலை குறைந்ததா? இரட்டிப்பானது.

இரண்டு கம்பெனியும் எனக்குக் கட்டிய லைசென்ஸ் பணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். புள்ளிவிவரத்தில் இரண்டும் "தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொண்ட நிறுவனம்" என்றுதான் பதிவாகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது கம்பெனியில் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. கையெழுத்து போடும் மூவரில் ஒருவருக்கு அந்தக் கையெழுத்துதான் வேலையே. அதை எடுத்தால் அவர் யார்?

---

திறவுகோல்

சர்வர்அறை அண்ணா, இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. நன்றி.

ஆனால் இதுவரை பேசியது பணக்கார நாடுகளைப் பற்றி. கூலி குறைந்த நாட்டில் கணக்கு வேறு அல்லவா? பத்து எழுத்தர்களின் சம்பளம் ஒரு மென்பொருளின் விலையைவிடக் குறைவு என்றால், முதலாளி எதற்கு அதை வாங்க வேண்டும்? வாங்காமல் இருப்பதுதானே அங்கே புத்திசாலித்தனம்?

---

கணக்கர்_67

ஓரளவுக்குச் சரி. ஆளுக்குப் பதிலாக வைக்கிற கருவி, ஆள் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் தாமதமாகத்தான் வரும். தொழிற்புரட்சிக் கால இயந்திரங்களுக்கும் இதே விளக்கத்தைச் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் பொருளாதார ஆய்வாளர் டியேகோ கோமின் கண்டதைப் பாருங்கள். பார்ட் ஹோபைனுடன் சேர்ந்து 166 நாடுகளில் 15 தொழில்நுட்பங்களை ஆராய்ந்தார். கண்டுபிடித்ததிலிருந்து ஒரு நாட்டுக்குள் வந்து சேரச் சராசரியாக 45 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. புதிய தொழில்நுட்பங்கள் பழையவற்றைவிட வேகமாக வந்து சேர்கின்றன. பின்னர் மார்ட்டி மெஸ்டியேரியுடன் செய்த ஆய்வில் இன்னொரு விஷயம் தெரிந்தது: வந்து *சேருகிற* நேரத்தில் ஏழை நாடுகளுக்கும் பணக்கார நாடுகளுக்கும் இடையிலான தூரம் சுருங்கிக்கொண்டே வருகிறது, எவ்வளவு *ஆழமாகப் பரவுகிறது* என்பதில் தூரம் கூடிக்கொண்டே போகிறது.

ஆகவே "இந்த நாட்டில் இணையம் வந்துவிட்டதா?" என்று கேட்டுப் பயனில்லை. எத்தனை நிறுவனங்களில், எத்தனை வேலைகளுக்குள் போயிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

---

வெண்ணிலா_ரா

கூலி வாதத்துக்கு ஒரு நேர் எதிர் உதாரணம். கேரளத்தின் வட கடலோரத்தில் 1997க்கும் 2001க்கும் இடையில் கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. ராபர்ட் ஜென்சன் அதைப் பின்தொடர்ந்தார். அதற்கு முன் மீனவர் எந்தக் கரையில் இறங்குகிறாரோ அந்தக் கரையின் விலைதான். ஒரு கரையில் மீன் மலிந்து வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்கள், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் வாங்க வந்தவர் மீன் இல்லாமல் நிற்பார். கோபுரத்தின் எல்லைக்குள் வந்ததும் கடலில் இருந்தபடியே போன் போட்டு, விலை கிடைக்கிற கரைக்குப் படகைத் திருப்பினார்கள். கரைக்குக் கரை விலை வித்தியாசம் சுருங்கியது, வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமலே போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் ஏறியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, மானியமும் கொடுக்கவில்லை.

அங்கே அவ்வளவு வேகமாகப் பலன் வரக் காரணம், படகு யாருடையதோ போனும் அவருடையது, முடிவும் அவருடையது. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்.

இதோடு மும்பைக்கு அருகே நெசவாலைகளில் நடந்த சோதனையை வைத்துப் பாருங்கள். இதுவும் புளூம் குழுவினர் செய்தது. சில ஆலைகளுக்கு இலவசமாக நிர்வாக ஆலோசனை கொடுத்தார்கள். எந்த மகத்தான தொழில்நுட்பமும் இல்லை. நூல் மூட்டைக்கு லேபிள் ஒட்டுவது, உதிரி பாகங்களை ஒழுங்காக அடுக்குவது, தறி நின்றால் ஏன் நின்றது என்று குறித்து வைப்பது, குறைபாட்டைத் தினமும் பேசுவது. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. அதன் பிறகு அந்த ஆலைகளில் கம்ப்யூட்டர் பயன்பாடு தானாகவே கூடியது! குறித்து வைக்கிற பழக்கம் வந்த பிறகுதானே குறித்ததைக் கணக்குப் போட மெஷின் தேவைப்படும். நாம் வழக்கமாக முதலில் மெஷினை வாங்கிவிடுகிறோம்.

---

எதிர்க்கட்சி

மீனவர் கதை அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "தனி ஆள் முடிவெடுத்தால் பரவும்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கென்யாவில் கைபேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவை 2007இல் வந்தது. அதையும் கைபேசிதான் செய்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு தொலைபேசிக் கம்பெனி மக்கள் பணத்தைக் கையாளலாம் என்று அந்த நாட்டு மத்திய வங்கி ஆட்சேபமில்லாமல் வழிவிட்டது, அதுதான் விஷயம். வங்கி மட்டும்தான் செய்யலாம் என்று பிடிவாதம் பிடித்த நாடுகளிலும் அதே கைபேசிதான் இருந்தது.

சரி, என் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நிர்வாகம், போட்டி, ஆளை எடுத்து அனுப்பும் சுதந்திரம், இதெல்லாம்தான் காரணம் என்றால் அமெரிக்காவில் அவை 2005க்குப் பிறகும் இருந்தனவே? அங்கேயும் வளர்ச்சி படுத்துவிட்டதே, ஏன்? ஸ்மார்ட்போன் பரவியதே அதற்கப்புறம்தான்.

---

கணக்கர்_67

கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரே விடை இல்லை.

ஜான் ஃபெர்னால்டு காட்டியது: அந்தச் சரிவு 2008 நெருக்கடிக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதுவும் தகவல் தொழில்நுட்பத்தைத் தயாரிக்கும், அதிகம் பயன்படுத்தும் துறைகளிலேயே. சரக்கு வரத்தை ஒருமுறை சீரமைத்தால் ஒருமுறைதான் லாபம். எட்டு நாள் தூங்கிய சரக்கை இரண்டு நாளாகக் குறைக்கலாம், அப்புறம் எங்கே குறைப்பது? அதாவது 1995 முதல் பத்து ஆண்டு வந்தது நிரந்தர வேகம் அல்ல என்பது ஒரு வாதம். ராபர்ட் கார்டன் இந்தக் கட்சியில் முதல் வரிசை.

எதிர்வாதமும் உண்டு. 1987இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ, கம்ப்யூட்டர் யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று கிண்டலாக எழுதினார். அதற்கு 1990இல் பால் டேவிட் மின்சாரத்தைக் காட்டிப் பதில் சொன்னார். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் ஓடத் தொடங்கியது 1882இல். 1899இலும் அமெரிக்கத் தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டிய சக்தியில் மின் மோட்டாரின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே. பாதியைத் தாண்ட 1920 ஆயிற்று. முதலில் செய்தது என்ன தெரியுமா? நீராவி எஞ்சினைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். எல்லா இயந்திரங்களையும் சுழற்ற கூரைக்கடியில் ஓடும் அதே நீளத் தண்டு, அதே தோல் வார்ப் பட்டைகள், அதே பல மாடிக் கட்டடம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசையில் இயந்திரங்களை ஒற்றை மாடியில் பரப்பிய பிறகுதான் உற்பத்தி எகிறியது. சர்வர்அறை போட்டுக்கொடுத்த அந்த மூன்று ஒப்புதல் திரை, தண்டில் மாட்டிய மோட்டார்தான்.

---

சும்மா_படிப்பவன்

ஜப்பானை யாரும் பெரிதாகத் தொடவில்லையே? ரோபோ செய்கிற நாடு, அரசு விதிகளில் ஃபிளாப்பி டிஸ்க்! டிஜிட்டல் முகமை 2021இல் வந்து, 2024 ஜூன் வாக்கில்தான் ஃபிளாப்பி தொடர்பான ஆயிரத்துச் சொச்சம் விதிகளை நீக்கி முடித்தார்கள். கொரோனா நேரத்தில், கையெழுத்துக்குப் பதிலாக அங்கே வைக்கிற முத்திரையைக் குத்துவதற்காகவே ஆபீஸுக்குப் போனவர்கள் இருந்தார்கள்.

---

வெண்ணிலா_ரா

கொரியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிவேக இணையத்தில் உலகத்துக்கே முன்னோடி. ஆனால் அங்கே சேவைத் துறையின் உற்பத்தித்திறன் தொழிற்சாலைகளில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஒரு சில பெரிய நிறுவனங்கள் உலகின் உச்சியில், எண்ணற்ற சிறு நிறுவனங்கள் வெகு கீழே. ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பு) ஆய்வாளர்கள் பல நாடுகளை வைத்துப் பார்த்தபோதும் இதே பிளவு தெரிந்தது: முன்னணி நிறுவனங்கள் மேலும் மேலும் போகின்றன, மற்றவை அதே இடத்தில். @எதிர்க்கட்சி, 2005க்குப் பிந்தைய சரிவுக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். கண்டுபிடிப்பு நிற்கவில்லை, முன்னால் போனவரிடமிருந்து பின்னால் இருப்பவருக்குப் போய்ச் சேருவது நின்றுவிட்டது.

---

திறவுகோல்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: நான் இதை வைத்து ஒரு சின்ன ஒப்பீடு செய்ய ஆசைப்படுகிறேன். நாடுகளின் மென்பொருள் செலவு கிடைக்கிறது. வேலையை மாற்றி அமைத்ததற்கும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கும் ஆன செலவு எங்கே கிடைக்கும்?

---

கணக்கர்_67

தேசியக் கணக்கில் தேடினால் கிடைக்காது. ஐ.நா. முதலான அமைப்புகள் வெளியிட்ட 1993 தேசியக் கணக்கு முறைமையிலிருந்து மென்பொருளை முதலீடாக எழுதுகிறார்கள். பயிற்சியும் மறுசீரமைப்பும் அந்த ஆண்டின் சாதாரணச் செலவில் கரைந்துவிடும். பிரின்ஜோல்ஃப்சன், ஹிட், யாங் மூவரும் பங்குச் சந்தை மதிப்பை வைத்துச் சுற்றுவழியில் கணக்கிட்டார்கள். நிறுவனத்தில் ஒரு டாலர் கம்ப்யூட்டர் இருந்தால் சந்தை மதிப்பு 10 டாலர் வரை கூடுதலாக இருந்தது. மிச்சம் ஒன்பது டாலர், கண்ணுக்குத் தெரியாத அந்த அமைப்பு முறைக்கு என்பது அவர்கள் வாதம்.

உங்களுக்கு என் யோசனை: பொருளாதாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு திண்டாடாதீர்கள். சில்லறை வணிகம் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு நாட்டின் தொழில் பதிவேடுகளில் ஆண்டுக்கு எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது என்பதை மென்பொருள் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நாடுகள் அந்தப் பதிவேட்டைத் தொகுத்து வெளியிடுகின்றன.

---

சர்வர்அறை

முடிந்தால் கடைக் கிளை மேலாளர் தன் விருப்பப்படி எவ்வளவு தொகைக்குச் சரக்கு ஆர்டர் போடலாம் என்றும் ஒரு பத்து நிறுவனங்களிடம் கேட்டுப் பாருங்கள் தம்பி. புதிய இடத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது அதைத்தான். சர்வரைப் பற்றி அப்புறம்தான்.